சொந்த வீட்டுக்காரி

டெம்போவிலிருந்து கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நேராக உள்ளே போய்க் கழிவறைக் கதவைத் திறந்தேன். மதுக்கரையிலிருந்து துடியலூர் வரும்வரை அடக்கிக்கொண்டு வந்திருந்தேன். உள்ளே உட்காரும் கோப்பை இல்லை. அடியோடு பெயர்த்து எடுத்திருந்தார்கள். அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, அதற்குள் சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். நான் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் அப்பா அடித்து வைத்திருந்த கைப்பிடியும் இல்லை.

எனக்குச் சிறு வயதில் போலியோ வந்து இடது கால் போயிற்று. இரும்புப் பட்டை மாட்டித்தான் நடக்கிறேன். குந்தி உட்கார முடியாது. அந்த வீட்டை அதற்கு முந்தின நாள் காலி செய்துகொண்டு போன இருவருக்கும் இது நன்றாகத் தெரியும். ஒருவர் என் அண்ணன். இன்னொருவர் அவர் மனைவி, எங்கள் வழக்கத்தில் எனக்கு நங்கை.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அது எம்பட காசுல வாங்கிப் போட்டது அம்மிணி" என்றார். குரலில் கோபமே இல்லை. "ஊடுதான உம்பேர்ல இருக்குது. சாமானம் இல்லியே."

அப்பா இருக்கும்போதே ஊரில் இருந்த விவசாயக் காட்டை விற்று அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். அண்ணன் அந்தப் பணத்தில் இரண்டு தெரு தள்ளி மாடி வீடு கட்டி வாடகைக்கு விட்டார். குடியிருந்தது மட்டும் அப்பாவோடு. நான் மதுக்கரையில் ஒற்றை அறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டு இருந்தேன். ஊனமுற்றோர் உதவித்தொகை மாதம் தவறாமல் வந்தது, அதில் வாடகை போய்விடும். அப்பா இறந்த பிறகுதான் உயில் எழுதியிருந்தது தெரிந்தது. வீடு எனக்கு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நங்கை என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டுச் சொன்னார்: "நல்லா சாப்புடுங்க. இனி நீங்கதானுங்க ஊட்டுக்காரி."

கோப்பை இல்லாத வீட்டில் முதல் இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்குப் போனேன். மூன்றாவது நாளே அந்த அம்மாள், "ஏனுங்க, எங்கூட்டுலயும் வயசுப் புள்ளைங்க இருக்குதுங்க" என்றார். அதன் பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் சூடான கத்தியால் ஓட்டை போட்டு, கீழே வாளி வைத்துக்கொண்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு இந்தக் காலோடு நடப்பது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை.

உதவித்தொகையைப் புது விலாசத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. மனுக் கொடுத்தேன். சில வாரம் கழித்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். தன்மையான மனிதர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். நான் போட்ட டீயைக் குடித்தார். கூடத்தை, சமையலறையை, பின்னால் இருக்கும் அறையை எல்லாம் பார்த்தார்.

"ஊடு உங்க பேர்லதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்பறம் எப்படிங்க உங்களுக்கு உதவித்தொகை குடுக்கறது?"

"ஊட்டைத் திங்க முடியுங்களா?"

அவர் சிரித்தார். "வாடகைக்கு உடுங்க."

"உட்டுப்போட்டு நான் எங்கீங்க இருக்கறது?"

"அதைய நாங்க எப்படிங்க சொல்ல முடியும்" என்று டம்ளரைக் கீழே வைத்தார். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அடுத்த மாதம் பணம் வரவில்லை. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்துப் பார்த்தேன். சொத்து இருப்பதால் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரமே அண்ணனும் நங்கையும் வந்தார்கள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள்.

"பணம் நின்னு போச்சாமா" என்றார் அண்ணன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நாந்தான் ஆபீசுல போயிச் சொன்னேன். பொய்யா சொன்னேன்? உள்ளதைத்தான சொன்னேன்." ஆப்பிள் பையை என் பக்கம் நகர்த்தினார். "இங்க பாரு கண்ணு. ஊட்டை எம்பேருக்கு எழுதிக் குடுத்துரு. உனக்குச் சொத்தே இல்லீன்னு ஆயிரும், பணம் மறுபடி வரும். பின்னாடி ரூம்பு இருக்குது. காலத்துக்கும் இருந்துக்கோ. யார் கேக்கப்போறா?"

"உங்களைத் தொரத்தவாங்க போறோம்?" என்றார் நங்கை. "அந்த டாய்லெட்டு கோப்பைகூட பத்திரமா எங்கூட்டு மாடீல கெடக்குதுங்க. அன்னிக்கே கொண்டாந்து மாட்டிப்போடலாம்."

இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அவர்கள் இதற்காக எத்தனை பொறுமையாக வேலை செய்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. முடியாது என்றேன். அண்ணன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். நங்கை ஆப்பிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முன்பக்கத்தை வாடகைக்கு விட்டேன். பீளமேட்டில் கம்பெனி வேலை பார்க்கும் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் கொடுத்த அட்வான்சில் பழைய இடத்திலும் பின்னறைக்குப் பக்கத்திலும் புதுக் கோப்பை மாட்டினேன். தையல் மெஷினும் கட்டிலும் போட்டது போக அந்த அறையில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது. வாடகை வருகிறது. மழைக்காலத்தில் மேல்தளம் ஒழுகினால் அதையும் அந்த வாடகையில்தான் பார்க்கவேண்டும். மதுக்கரையில் ஒற்றை அறையில் இருந்தேன், இப்போதும் ஒற்றை அறையில்தான் இருக்கிறேன். என்ன, இப்போது வீட்டு வரி கட்டுகிறேன்.

போன தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தெருவில் வீடு வீடாகப் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்தார்கள். நான் பின்னால் ஒரு ஜாக்கெட்டுக்குப் பித்தான் கட்டிக்கொண்டிருந்தேன். முன்வாசலில் அண்ணன் குரல் கேட்டது.

"ஏனுங்க, குடும்பத்தோட வந்துருங்க. ஒரு வாய் சாப்புட்டுட்டுத்தான் போகோணும்."

"ஓனர் அக்கா பின்னாடிதான் இருக்காங்க, கூப்பிடவா?" என்றாள் குடியிருக்கும் பெண்.

"வேண்டாமுங்க. அவுங்களுக்குத் தனியா வெச்சுக்கறோமுங்க."

பைக் கிளம்பிப் போனது. யாரும் பின்பக்கம் வரவில்லை. அந்தப் பெண் பத்திரிகையை விரித்தபடி என் அறைக்கு வந்தாள். அவர் என் அண்ணன் என்று அவளுக்குத் தெரியாது.

"எவ்ளோ மரியாதையா கூப்பிடுறாங்க, பாருங்கக்கா. உங்க ஊர்க்காரங்களே தனிதான்" என்றாள்.

"ஆமாங்க" என்றேன். அந்த ஜாக்கெட்டை மாலைக்குள் முடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது.