ரிமோட்டுக்குக் கட்டுப்படாத விமானம்

மகள் நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தாள். அந்த நெடி என்னைக் கல்லங்குறிச்சித் தரிசுக்கு இழுத்துப் போனது. இன்று அந்தத் தரிசு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் பள்ளமாகிவிட்டது. லாரி மெக்கானிக்கான அப்பா, லேசான மரக்குச்சிகளால் பழங்கால இரட்டை இறக்கை விமானம்போலச் சின்னதாக ஒன்றைக் கட்டி, மேலே மெல்லிய தாள் ஒட்டி, இதே நெடியடிக்கும் வார்னிஷ் பூசி, ஞாயிறுதோறும் அங்கேதான் ரிமோட்டால் பறக்கவிடுவார். அது குளவிபோல இரைந்துகொண்டு தலைக்கு மேலே சுற்றும்போதெல்லாம் நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு அது ரிமோட்டுக்குக் கட்டுப்படவில்லை. பக்கத்துக் கடலைக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களை நோக்கித் தாழ்ந்து போனது.

"படுத்துக்கங்க! எல்லாரும் படுத்துக்கங்க!" என்று கத்திக்கொண்டே அப்பா ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பெண்கள் அப்படியே மண்ணில் கவிழ்ந்தார்கள். அவர்கள் முதுகுக்கு மேலாகப் போய் வரப்பில் மோதிச் சிதறியது விமானம். இரைச்சல் நின்றது. யாரும் எழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் தலையை மட்டும் தூக்கி, "போயிடுச்சாங்க?" என்று கேட்டாள்.

ரிமோட்டைப் பிடித்திருந்த அப்பாவின் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.