அடுப்பு மூட்டாத வீடு

அறுபதுகளில் பூனாவில், கிர்க்கி தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். என் மனைவிக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். பம்பாய் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து, அழைத்து வந்தபோது, ஆறிய பாலைத் தவிர எதுவும் அவள் தொண்டையில் இறங்கவில்லை.

சமையல் வாசனை அவளை வதைக்குமென்று நான் அடுப்பையே மூட்டவில்லை. பிள்ளைகளும் நானும் பக்கத்து மராத்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவோம். அவளுக்குப் பாலும் அங்கேயே காய்ந்து வரும்.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, சாவு விழுந்த வீட்லதான் அடுப்பு மூட்டாம அக்கம்பக்கத்துல சாப்பிடுவாங்க. நான் செத்துட்டேன்னு யாரு உங்களுக்குச் சொன்னது?"

இத்தனை படித்தும் எனக்கு அது தோன்றவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சுவரைப் பிடித்தபடி போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். மிளகாய் போடாமல் சீரக ரசம் தாளித்தாள். எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வடிகட்டி ஆறவைத்த ரசத்தை, ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை மூடித் திறந்து விழுங்கினாள். நாங்கள் கை கழுவிய பிறகும் விடவில்லை. டம்ளர் காலியானது.

"உப்பு தூக்கல். ஒருத்தருக்கும் சொல்லத் தெரியலை" என்றாள்.

நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருந்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டம்மாவிடம் போய், "இனிமேல் எங்களுக்குச் சாப்பாடு வேண்டாம், என் மனைவி சமைக்கிறாள்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தேன்.