கொடுங்காயம்

சட்டக் கல்லூரியில் அவருக்கு நோட்ஸ் மேடம் என்று பெயர். வகுப்புக்குள் நுழைவார், உட்காருவார், சொல்ல ஆரம்பிப்பார். மணி அடிக்கும்வரை அவருக்கு வாய் ஓயாது, பிள்ளைகளுக்குக் கை ஓயாது. யாராவது சந்தேகம் கேட்டால், "எழுதிட்டு வா, அடுத்த பாராவுல வரும்" என்பார். வரவும் செய்யும்.

குற்றவியல் சட்டம் அவருடைய பாடம். சாதாரணக் காயம் எது, கொடுங்காயம் எது என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார். எலும்பு முறிந்தால் கொடுங்காயம். பல் விழுந்தால் கொடுங்காயம். கண் போனாலும் காது போனாலும் அப்படித்தான். ஊரில் பாதி வக்கீல்கள் இதை அவரிடம் எழுதியவர்கள். அவரோ படித்து முடித்த கையோடு ஆசிரியர் வேலைக்கு வந்துவிட்டவர். ஒரு நாளும் கோர்ட்டில் நின்று வாதாடியதில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் அவருடைய வீட்டுக்காரர், "தண்ணியில கால் நனைக்காமலே ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லித் தர்ற ஆளு நீ" என்று கிண்டல் செய்வார். மேடமும் சிரித்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. சட்டக் கல்லூரி இனிமேல் பாடம் நடத்திப் பரீட்சை வைத்தால் மட்டும் போதாது, இல்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும், மாணவர்கள் அதில் உட்கார்ந்து தொழில் பழக வேண்டும் என்றது உத்தரவு. மூத்த பேராசிரியர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மேடத்தின் தலையில் அது விடிந்தது. சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். சன்னலுக்குக் கம்பி, உள்ளே போக வர ஒரே கதவு. மேசை ஒன்று, இரும்பு ஸ்டூல்கள் நாலைந்து.

மேடத்துக்குத் துணையாக வந்தவள் கடைசி வருஷ மாணவி ஒருத்தி. வாயாடி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். வகுப்பில் மேடத்தை இடைமறித்துக் கேள்வி கேட்கிற ஒரே ஆள் அவள்தான். ஆரம்பத்தில் வீட்டு வாடகைத் தகராறும் நடைபாதைச் சண்டையுமாக மையத்துக்கு ஆட்கள் வந்தார்கள். பிறகு ஒரு நாள் சலவைக் கடையில் துணி தேய்க்கும் பெண் வந்தாள்.

அந்த உக்கிர வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். வாயாடி நயமாகப் பேசி அந்தச் சட்டைக் கையை மடித்துவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வட்ட வட்டமாகச் சுட்ட தழும்புகள். சில ஆறியிருந்தன, சிலவற்றில் இன்னும் நீர் கோத்திருந்தது. அவளுடைய புருஷன் வெல்டர். வெல்டிங் வைத்து முடித்த குச்சி ஆறுவதற்குள் அதை எங்கே வைத்து அணைக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது.

 மேடம் மனுவைத் தன் கையாலேயே எழுதினார். மனைவி இருக்கும் பக்கமே வெல்டர் போகக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. தான் எழுதிய மனுவுக்கு உயிர் வந்ததைப் பார்த்து மேடம் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை. சலவைக் கடைப் பெண்தான் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தத் தாளைப் பாத்தா அவன் கை நிக்குமாம்மா?"

"நிக்கணும். அதுதான் சட்டம்" என்றார் மேடம்.

அடுத்த வாரம், மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், சலவைக் கடைப் பெண் ஒரு கையெழுத்துப் போட மையத்துக்கு வந்திருந்தாள். அவள் பேனாவை எடுக்கும்போது வெல்டர் உள்ளே வந்து கதவுக்குத் தாழ் போட்டான். பற்றவைத்த இடத்தில் கசடு தட்டுகிற கூர்முனைச் சுத்தியல் கையில் இருந்தது. கத்தவில்லை. வேலைக்கு வந்தவன் மாதிரி நிதானமாக நடந்துவந்து மனைவியின் தாடையில் ஒரே அடி அடித்தான். மரம் பிளக்கிற மாதிரி சத்தம் கேட்டது. அவள் மேசையில் சாய்ந்து சரிந்தாள். அவள் வாயிலிருந்து கொட்டிய ரத்தத்தோடு பற்களும் விழுந்தன.

வாயாடி பாய்ந்து அவன் முதுகைக் கட்டிக்கொண்டாள். உதறித் தள்ளிச் சுத்தியலைச் சுழற்றினான். அது காதோரம் பட்டதும் அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மேடம் கையைக் குறுக்கே நீட்டினார். அடி முன்கையில் இறங்கியது. எலும்பு இரண்டாகப் போனது அவருக்கு முதலில் வலிக்கவில்லை; கை தன் பேச்சைக் கேட்காமல் தொங்குவதுதான் தெரிந்தது. அவன் திரும்பவும் மனைவி பக்கம் குனிந்தான். தரையில் கிடந்தவளின் தலையைப் பார்த்துச் சுத்தியலை ஓங்கினான்.

மேடம் நல்ல கையால் இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் பிடரியில் போட்டார். அவன் முழங்காலிட்டான். இன்னொன்று போட்டார். புரண்டு மல்லாந்து விழுந்தான், சுத்தியல் உருண்டு மூலைக்குப் போனது. அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஸ்டூலின் காலை அவன் முகத்தில் இறக்கினார், எடுத்தார், மறுபடி இறக்கினார். கதவை உடைத்துக்கொண்டு வந்த பையன்கள் அவரைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும்வரை கை ஓயவில்லை.

மூன்று பெண்களும் பிழைத்தார்கள். சலவைக் கடைப் பெண்ணின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். வாயாடிக்கு ஒரு காது கேட்காமல் போனது. வெல்டரும் பிழைத்தான், ஆனால் இடது கண் போய்விட்டது. அவனுடைய அண்ணன் போலீசில் எதிர்ப்புகார் கொடுத்தான். பத்திரிகையில் படம் வந்தது. கல்லூரி நிர்வாகம் மேடத்தைப் பணியிடை நீக்கம் செய்து, மையத்தைப் பூட்டியது.

வெல்டர் மேல் போட்ட கொலை முயற்சி வழக்கில் மேடம்தான் முக்கிய சாட்சி. வெல்டருக்காக ஆஜரானவன் அவருடைய பழைய மாணவன். அந்த வருஷத்தின் முதல் மாணவன். அரசு வக்கீல் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: விழுந்த பிறகு நடந்ததைக் கேட்டால் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அந்தப் பதற்றத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்.

பழைய மாணவன் மரியாதையாகத்தான் தொடங்கினான். தற்காப்பு உரிமை எப்போது தொடங்கும் என்று கேட்டான். மேடம் சொன்னார். எப்போது முடியும் என்று கேட்டான். ஆபத்து நீங்கியதும் முடியும் என்றார்.

"அவர் மல்லாந்து விழுந்தப்போ சுத்தியல் எங்க இருந்தது மேடம்?"

"மூலையில."

"அதை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்த பிறகும் அடிச்சீங்களா?"

அரசு வக்கீல் தொண்டையைக் கனைத்தார். மேடம் சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். ஞாபகம் இல்லை என்ற ரெண்டு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அந்த நாக்கு இத்தனை வருஷம் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சாட்சியச் சட்டம் சொன்ன நாக்கு.

"அடிச்சேன்" என்றார். "கோபத்துலதான் அடிச்சேன்."

வெளியே மரத்தடியில் பழைய மாணவன் தயங்கித் தயங்கி அவரிடம் வந்தான். தொழில் தர்மம், தப்பா எடுத்துக்காதீங்க என்றான். 

"நல்லாத்தான் கேட்டே. எங்க கத்துக்கிட்ட இதை?" என்று கேட்டார் மேடம்.

"இந்தக் கோர்ட்லதான் மேடம். வந்த புதுசுல நான் சொதப்பி ரெண்டு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. அதுக்கப்புறம் வந்தது. காலேஜ்ல யாரு சொல்லித் தந்தா?"

குத்திக்காட்டுவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் சுத்தியல் அடியை விட அது ஆழமாக இறங்கியது என்று மேடம் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

வெல்டர் ஜெயிலுக்குப் போனான். பிறகு மேடத்தின் முறை வந்தது. அவரே சொன்ன வார்த்தையை வைத்து அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். சரியாகத் திறக்காத வாயோடு சலவைக் கடைப் பெண் வந்து சாட்சி சொன்னாள். வெல்டரின் அண்ணன் அனுப்பிய ஆட்கள் அவள் வீட்டுக் கதவில் கல்லெறிந்துவிட்டுப் போன மறுநாள் அது. "அந்தம்மா அடிக்கலைன்னா நான் இங்க நின்னு பேச மாட்டேன்" என்றாள்.  எல்லை மீறியது குற்றம்தான் என்று நீதிபதி சொன்னார்; சிறை வேண்டாம், நன்னடத்தையின் பேரில் போகலாம் என்றார். தீர்ப்பு வந்த வாரமே சலவைக் கடைப் பெண் வேறு ஊருக்குப் போனாள். எந்த ஊர் என்று மேடத்திடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது என்று மேடமும் நினைத்தார்.

தண்டிக்கப்பட்டவர் வகுப்பெடுக்கக் கூடாது என்று நிர்வாகம் முடிவு செய்தது. ஆனால் மையத்தைத் திறக்காவிட்டால் கல்லூரியின் அங்கீகாரம் போய்விடும் என்று மேலிடம் நெருக்கியது. அந்த அறைக்குள் காலடி வைக்க வேறு யாரும் தயாரில்லை. கடைசியில் மேடத்தையே மையத்துக்கு மட்டும் பொறுப்பாக்கினார்கள். பின் சுவரை இடித்து இன்னொரு கதவு வைத்தால்தான் வருவேன் என்று மேடம் சொன்னார். வைத்தார்கள். அவர் சொல்லி, வக்கீலாகிவிட்ட வாயாடியையும் சேர்த்துக்கொண்டார்கள். அவளிடம் எதைச் சொல்வதானாலும் வலப்பக்கமாக நின்று சொல்ல வேண்டும்.

விழுந்தவனை அடித்ததற்காக மேடம் வருத்தப்பட்டாரா என்றால், இல்லை. வருத்தம் வரவில்லையே என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொன்னார். ஒரு உத்தரவு வாங்கிக் கொடுத்தால் உங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அதைக் கையில் வாங்கினவள் எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவாள் என்று கேளுங்கள் என்பார்.

ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளை அவர் முதலில் கூட்டிப்போவது அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு. வெட்டுப்பட்டவர்களும் எரிந்தவர்களும் வரிசையாகக் கிடப்பார்கள். ஒருவன் வாந்தி எடுப்பான், ஒருத்தி மயங்குவாள். மேடம் திட்டமாட்டார். நடைபாதை பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். முகம் கழுவிக்கொண்டு வந்ததும், தோளைத் தொட்டு மறுபடியும் உள்ளே அழைத்துப்போவார்.