சொந்த விருப்பத்தின் பேரில்

பெரிய சிஸ்டர் என்றால்தான் அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தாறு வருஷம் நின்றவர். நின்றவர் என்பது வெறும் பேச்சுக்கு அல்ல. அங்கே நர்ஸ் உட்கார நாற்காலி கிடையாது. டாக்டர் கை நீட்டுமுன் கத்தரியோ இடுக்கியோ அந்தக் கையில் இருக்கும்.

போன வருஷம் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக ஊசி குத்தும் இடது கையால் கனம் தூக்கக் கூடாது, நெடுநேரம் நிற்கவும் கூடாது என்றார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கீழ்த்தளத்தில் கருவிகளைச் சரிபார்த்துப் பொட்டலம் கட்டும் அறையில், உட்கார்ந்து பார்க்கிற வேலை. அங்கே ஓர் இடம் காலியாகவும் இருந்தது. ஐந்து மாதம் மனு மேல் மனு போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஒரு நாள் நிர்வாக அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்.’ கீழே கையெழுத்துக்கு இடம் மட்டும் பாக்கி.

“யாரோட விருப்பம் சார் இது?”

“அது வழக்கமா எழுதுறதும்மா. எல்லாருக்கும் அப்படித்தான்.”

“நான் கேட்ட இடம் என்னாச்சு?”

“அதுக்கு ஆள் போட்டாச்சு.”

கையெழுத்துப் போடாமல் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் தலைமை அறுவை சிகிச்சை டாக்டர் எதிர்ப்பட்டார். ஒருமுறை அவர் தையல் போடப் போன நேரத்தில், “துணி ஒண்ணு குறையுது, மூடாதீங்க” என்று சிஸ்டர் குறுக்கே நின்றார். டாக்டர் எரிந்து விழுந்தார். தேடியபோது துணி நோயாளியின் வயிற்றுக்குள் இருந்தது. அன்றிலிருந்து வாய்க்கு வாய் “நீங்க என் கண்ணு சிஸ்டர்” என்பார்.

“எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நிர்வாக விஷயத்துல நான் எப்படி... நல்லா ரெஸ்ட் எடுங்க.” போயே போய்விட்டார்.

வீட்டில், லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவர் அவருடைய பத்தியத்துக்காகக் காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு வந்துடும்மா. அவங்களோட மல்லுக்கு நிக்க உனக்குத் தெம்பு இருக்கா?”

“தெம்பு இல்லைங்கறதைத்தான கடிதத்துல எழுதணும்ங்கறேன்? நோய் வந்துச்சு. உக்கார்ற வேலை கேட்டேன். குடுக்கல. இது மூணும் நடந்துச்சா இல்லையா?”

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு போய் வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வந்தார். சிஸ்டர் அந்த மூன்றையும் மனு கொடுத்த தேதிகளோடு எழுதி, ‘வேறு வழியின்றி விலகுகிறேன்’ என்று முடித்தார்.

மறுநாள் அதைப் படித்த அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை.

“இதை ஃபைல்ல வைக்க முடியாதும்மா.”

“அப்போ எட்டு மணிக்கு தியேட்டர்ல நிக்கப் போறேன். மயங்கி விழுந்தா உங்க பொறுப்புன்னு எழுதிக் குடுங்க.”

அதிகாரி கடைசியில் முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார். சிஸ்டர் கிளம்பும்போது, “உங்களுக்குப் பிரிவு உபசார விழா ஒண்ணு வைக்கலாம்னு...” என்று இழுத்தார்.

“என் சொந்த விருப்பத்தைக் கேட்டீங்கன்னா, வேண்டாம் சார்.”

சிஸ்டர் படியிறங்கி அந்த நகலோடு நேரே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். அங்கிருந்த அலுவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, “விசாரணை அடுத்த புதன்கிழமை” என்றார்.

“புதன்கிழமை எனக்கு டயாலிசிஸ். வேற நாள் குடுங்க.”

“மாத்துறது ரொம்பக் கஷ்டம்மா.”

சிஸ்டர் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னால் வரிசை நீண்டது. பத்து நிமிஷம் கழித்து அலுவலர் புதனை அடித்துவிட்டு வியாழன் என்று எழுதினார்.