வெர்லா விட்டுவிட வேண்டிய பாடம்

வெர்லா ஸ்ட்ரௌட் பதினாறு வயதில், வயிற்றில் பிள்ளையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஐம்பத்து மூன்றாவது வயதில் மறுபடி புத்தகத்தைத் தூக்கினாள். அந்தப் பிள்ளை வேட், சிறையில் இருந்தபடியே படித்து, போன வருஷம் பள்ளிப் படிப்பு முடித்த சான்றிதழ் வாங்கிவிட்டான். அதில்தான் இவளுக்கு ரோஷம் வந்தது. எங்கள் இல்லினாய் மாநிலத்தில் கணக்கும் ஆங்கிலமும் தேறினால் போதாது, அரசியல் சாசனத் தேர்வும் தேற வேண்டும். மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

வலி மாத்திரை விற்றதற்காக வேடுக்கு ஒன்பது வருஷம் போட்டிருந்தார்கள். ஆறு ஓடிவிட்டது. ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான். போன வசந்தத்தில் மட்டும் மூன்று மாதம் சத்தமே இல்லை. கேட்டதற்கு, சிறையில் போன் பழுது என்றான்.

இவள் புத்தகம் எடுத்தது தெரிந்ததும் சொன்னான்: "எல்லாம் படிம்மா. அந்தச் சாசனத் திருத்தங்கள் பாடத்தை மட்டும் விட்டுடு. ரெண்டு கேள்விதான் வரும், தலைவலி."

செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் வகுப்பு. டீச்சர் மிஸ் ஓக்லிக்கு வெர்லாவில் பாதி வயதுகூட இல்லை.

"செனட்டர் பதவி ஆறு வருஷமா? என் ரெண்டு புருஷனும் சேர்ந்தே அவ்வளவு நாள் தாங்கலையே!" என்று வெர்லா சொன்னதும் வகுப்பே சிரித்தது.

மகன் விடச் சொன்ன பாடத்தை அவள் விடவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாரண்ட் இல்லாமல் போலீஸ் வந்தால், வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்று போட்டிருந்தது. மேலே வாசிக்க ஓடவில்லை.

அடுத்த செவ்வாய் கேட்டாள். "டீச்சர், வீட்டுக்காரங்களே உள்ள வா, பாருன்னு சொல்லிட்டா?"

"அப்ப வாரண்டே தேவையில்ல வெர்லா. சம்மதம் குடுத்தாச்சு."

"மரியாதைக்குச் சொன்னாக்கூடவா?"

"சட்டத்துக்கு மரியாதைல்லாம் தெரியாதுங்க."

வேட் பிடிபட்ட அன்று வீட்டுக்கு வந்த போலீஸ்காரன், துணை செரிஃப் லான்ஸ். வேடோடு பேஸ்பால் ஆடி, இவள் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டவன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றான். "உள்ள வரலாமா மிசஸ் ஸ்ட்ரௌட்? சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறோம்."

"இதென்னடா புதுசா கேக்கற? காலைத் துடைச்சிட்டு வா. தாராளமா பாரு."

காபியும் ஊற்றிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் வந்தவனை வலைக்கதவுக்கு வெளியே நிற்க வைப்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லான்ஸைத்தான் சொல்வேன். காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் வேடின் அறைக்குப் போனான், பாவி. கட்டிலுக்கடியில் ஒரு செருப்புப் பெட்டி. அதில் நாற்பத்தோரு மாத்திரை.

டீச்சரிடம் கேட்ட அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. சொன்னால் மகன் தன்னை வெறுத்துவிடுவான், அவனுக்கு இருப்பது தான் ஒருத்தி, தனக்கு இருப்பதும் அவன் ஒருவன். சொல்லாமல் எப்படி இருப்பது என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும், எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் போட்டு உடைத்தாள். "வேட், அன்னைக்கு அவனுங்கள உள்ள விட்டது நான்தான்டா. வேணாம்னு சொல்லியிருக்கலாமாம். என்னாலதான்டா உனக்கு இத்தனை வருஷம்."



"அந்தப் பாடத்தை விடுன்னு சொன்னேன்லம்மா."

"உனக்குத் தெரியுமா?"

"நானும் அதே புத்தகம்தானே படிச்சேன்."

"எப்படா படிச்ச?"

"போன வசந்தத்துல."

"போன் பழுதுன்னு சொன்னியே..."

"போன் நல்லாத்தான் இருந்துச்சும்மா."