நீக்கிய முப்பத்தெட்டு வயல்கள்

எங்கள் வனத்துறை அலுவலகத்தில் அவருக்குச் 'சதவீதம்' என்று பெயர். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால்கூட "தொண்ணூறு" என்பாராம். மனைவி கரண்டியை ஓங்குவாராம். வயலில் கம்பிச் சட்டத்தை வைத்து, உள்ளே எத்தனை செடி, அதில் எத்தனையைக் காட்டுப்பன்றி கடித்தது என்று இருபத்தாறு வருடம் குனிந்து எண்ணியவர். கணக்கில் புலி.

அந்த வருடம் அறுபது வயல் பார்த்தார். சராசரிச் சேதம் முப்பது சதவீதத்தைத் தாண்டினால் பன்றிகளைச் சுடலாம். சதவீதத்துக்கு மடக்கை, அதாவது பள்ளியில் படித்த 'லாக்', எடுத்துத்தான் சராசரி போடுவது எங்கள் அலுவலகப் பழக்கம். பூஜ்ஜியத்துக்கு மடக்கை கிடையாது. சேதமே இல்லாத முப்பத்தெட்டு வயல்களுக்கும் கணினி பிழை காட்ட, அந்த வரிகளை நீக்கிவிட்டார். மீதி இருபத்திரண்டுக்கு ஐம்பத்து நாலு வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; இவர் சறுக்கியதில் பன்றிகள் செத்தன. அறிக்கையைத் தட்டச்சு செய்த எனக்கும் உறைக்கவில்லை.

சுடும் குழுவுக்குத் தலைவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். பத்து நாள் வெடிச் சத்தம் ஓயவில்லை. வண்டியின் பின்பலகையிலிருந்து சொட்டிய ரத்தத்தைத் தினமும் வாசலில் கழுவிவிட்டோம்.

பதினோராம் நாள் காலையில் ஒரு விவசாயி வந்து மேசையைக் குத்தினார்.

"என் வயல்ல ஒரு செடிகூட போகலையே! அங்க வந்து எதுக்குய்யா சுடுறீங்க? குண்டு பட்டு என் மாட்டுக்குக் கால் போச்சு!"

பட்டியலில் அவர் வயலே இல்லை. சதவீதத்தின் முகம் வெளுத்தது. மடக்கையைத் தூக்கிப் போட்டார். அறுபது வயலிலும் மொத்தம் எத்தனை செடி, அதில் எத்தனை போனது என்று நேராகப் போட்டார். இருபது.

"வாய மூடிட்டு இருங்க சார். ஓய்வுக்கு எட்டு மாசந்தான் இருக்கு" என்றேன். சொன்னதற்கு இன்றும் கூசுகிறது.

"இன்னிக்கும் சுடுவாங்கய்யா. வண்டிய எடு."

பள்ளத்தில் நாய்கள் மூன்று பன்றிகளை மடக்கியிருந்தன. ஒன்றின் தொடை கிழிந்து தொங்கியது. துப்பாக்கிகளுக்கு முன்னால் போய் விழுந்தார் மனுஷன்.

"நிறுத்துங்க மச்சான்! கணக்கு தப்பு!"

"எவ்வளவு தப்பு, மாப்ள?"

"ஒண்ணக்கூட சுட்டிருக்கக் கூடாது."

துப்பாக்கிக் கட்டை அவர் வாயில் இறங்கியது. இரண்டு பல் தெறித்தது. விழுந்தவரை மச்சான் விலாவில் உதைத்தார். இழுக்கப் போன எனக்கும் முழங்கையால் ஒன்று விழுந்தது. தங்கை புருஷனை வாங்க, போங்க என்றே பேசியவர், அன்றுதான் முதல்முறையாக 'டா' போட்டார்.

"வயித்துல குட்டியோட இருந்ததச் சுட்டேன்டா! அது கத்தினப்பக்கூட நிறுத்தலடா! உன் கையெழுத்து இருந்துச்சுடா!"

"அடிங்க மச்சான். முதல்ல நாயக் கூப்பிடுங்க."

மச்சான் விசிலடித்தார். நாய்கள் விலகின, பன்றிகள் புதருக்குள் ஓடின. துப்பாக்கியை வீசிவிட்டு மண்டியிட்டவர், மாப்பிள்ளை வாயில் வழிந்த ரத்தத்தைத் தன் சட்டையாலேயே துடைத்தார். துடைத்து முடித்ததும் மறுபடி ஓங்கி அறைந்தார்.