கட்டிலுக்கு அடியில் ஒரு குடம் தண்ணீர்

தூத்துக்குடியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை இருந்தது. புயல் அறை என்று அதற்குப் பேர். ஐப்பசி பிறக்கும் முன்பே என் மாமியார் அதில் புழுங்கலரிசி, பருப்பு, கருப்பட்டி, கருவாடு எல்லாம் சேர்த்து வைத்துவிடுவார். பெரிய மண்பானைகளில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, வாயைத் துணியால் கட்டிவிடுவார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது கடல் தெருவுக்குள் ஏறிவந்து, கிணறெல்லாம் உப்பாகி, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்களாம். அதனால் மழைக்காலம் முடியும்வரை அந்த அறையில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது அவர் சட்டம்.

நான் விளாத்திகுளம் பக்கத்துக்காரி. ஊருணித் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் குடித்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய தண்ணீரை மாட்டுக்கு ஊற்றிவிட்டு, பானையைத் தேய்த்துப் புதுத் தண்ணீர் நிரப்புவோம். அரிசியிலும் பழசை உலைக்கு எடுத்துக்கொண்டு, புதுசைச் சேர்ப்போம். தொடாமல் வைத்தால் கெட்டுப்போகும் என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். மழையே பெய்யாத ஊர்க்காரி எனக்குப் புயலைப் பற்றிச் சொல்லித் தருகிறாளா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சரி, சொல்லாமலே செய்துவிடுவோம் என்று நானே மாற்ற ஆரம்பித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் குடமும் கையுமாக அந்த அறையைவிட்டு வெளியே வருவதை அவர் பார்த்துவிட்டார். எடுத்த அளவுக்குத் திருப்பி ஊற்றுகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். நம்பவேண்டுமே! எடுக்கிறவள் யாராவது திருப்பி வைப்பாளா என்றார். அன்றே கடைத்தெருவில் பூட்டு வாங்கிவந்து மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதோடும் விடவில்லை. அடுப்படியில் நான் அரிசி அளந்தால் பின்னால் வந்து நின்றார். வாசலில் யாரிடமாவது பேசினால் கதவோரம் வந்து நின்றார். அவர் மகன் தோணி வேலைக்காரர், கொழும்புக்குப் போயிருந்தார். அவன் வரட்டும், உன்னை உங்க ஊருக்கே பஸ் ஏற்றிவிடச் சொல்கிறேன் என்று காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மட்டும் லேசுப்பட்டவளா? உள்ளூரில் கட்டிக்கொடுத்த தன் மகள் வீட்டுக்கு அரிசி கடத்தத்தான் இந்தப் பூட்டு என்று நானும் சந்தேகப்பட்டேன். மகளைப் பார்க்க அவர் கிளம்பும்போதெல்லாம் அவர் பையையே பார்த்தேன். பூட்டிய அறைத் தண்ணீரை நம்பி என் ரெண்டு வயசுப் பிள்ளையை விடவும் எனக்கு மனசு வரவில்லை. அம்மா வீட்டுச் சீராக வந்த பித்தளைக் குடத்தில் தண்ணீர் பிடித்து, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். அவர் இல்லாத நேரம் பார்த்து மாற்றிக்கொள்வேன். குடத்தைக் காணோமே என்று ஒருநாள் அத்தை கேட்டார். நான் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். பிறந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். இன்றைக்குக் குடம், நாளைக்கு அரிசி மூட்டை என்று பக்கத்து வீட்டில் சொன்னதும் என் காதுக்கு வந்தது.

கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். அடுத்த நாளே காற்று கூரை ஓட்டைப் பிய்த்துப் போட்டது. கடல் தெருவுக்கு வந்து, கிணற்றில் விழுந்து, அடுப்படியையும் நனைத்துவிட்டுப் போனது. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பிடித்துவைத்த மழைத்தண்ணீரும் கடல்சாரல் பட்டுக் கரித்தது. மறுநாள் மழையும் நின்றுவிட்டது. அடுப்படியில் மிச்சமிருந்த தண்ணீர் காலி. பிள்ளைக்குக் காய்ச்சல் வேறு. உதடு காய்ந்து, தண்ணி தண்ணி என்று அழுதாள்.

அத்தை நிமிர்ந்து நடந்துபோய்ப் பூட்டைத் திறந்தார். இதற்காகத்தானே காத்திருந்தேன் என்பதுபோல் ஒரு நடை. கதவைத் திறந்ததும் முடைநாற்றம் வந்தது. அரிசி முழுக்க வண்டு. முதல் பானையின் துணியை அவிழ்த்தார். தண்ணீரில் புழு நெளிந்தது. அடுத்த பானை, அதற்கடுத்த பானை, எல்லாம் அதேதான். காய்ச்சிக் கொடுக்கலாமென்றால் விறகும் ஈரம். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நீதான் எதையாவது போட்டுவிட்டாயா என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார், பாருங்கள், அந்த நேரத்திலும்!

குடத்தை எடுத்தால் ஒளித்து வைத்தவள் என்று ஆகிவிடும். திருடி என்று அவர் சொன்னதற்கு நானே சாட்சி. மகன் வந்ததும் பஸ் ஏற்றிவிடுவார். பயமாகத்தான் இருந்தது. பிள்ளை மறுபடி அழுதாள். பெட்டியைத் தள்ளிவிட்டுக் குடத்தைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தேன்.

குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏளா, இது என்னைக்குப் பிடிச்ச தண்ணி?"

"புயலுக்கு மொத நாள் பிடிச்சது, அத்தை."

டம்ளரில் மொண்டார். பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. முதலில் தான் ஒரு வாய் குடித்துவிட்டு, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு அப்படியே குடத்தைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. அப்புறம்தான் பிள்ளையை மடியில் போட்டு, வாய் வாயாகக் கொடுத்தார். குழாயில் தண்ணீர் வரும்வரை அந்தக் குடம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது. அவர் அந்த முதல் வாய்க்கு மேல் அதைத் தொடவே இல்லை. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

மகன் வந்தபிறகும் பஸ் பேச்சு எழவில்லை. குடத்தைப் பற்றியும் பேச்சில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, தண்ணீரை மாற்றலாம் என்று கட்டிலுக்கு அடியில் இருந்த குடத்தை இழுத்தேன். கை வழுக்கியது. யாரோ புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். உள்ளே அன்று காலைக் குழாய்த் தண்ணீர், கழுத்து மட்டத்துக்கு.

பிள்ளை டம்ளரோடு வந்து நின்றாள். நான் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.